உறை பிரிக்காத பன்னிரண்டு பெல்ட்டுகள்

தேநீர் அரை டம்ளர் போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. முழுதாக ஊற்றினால் வீணாகிவிடும்.

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். பத்தொன்பது வருடமாக அலமாரிச் சாவி என் இடுப்பில்தான். கையுறை, பிரஷ், கயிறு, பாதுகாப்பு பெல்ட், எது வேண்டுமானாலும் பழையதைக் கொண்டுவந்து காட்டவேண்டும். பழையது வந்தால்தான் புதியது போகும். அந்தச் சட்டம் முதலாளி போட்டதல்ல. அவர் "கேட்டா குடுத்துடுங்க" என்றுதான் சொல்லியிருந்தார்.

பெயிண்டர்கள் என்னைக் கஞ்ச மகாபிரபு என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பிசினாறி. என் மனைவி கல்யாணமான புதிதில் சிக்கனக்காரர் என்று பெருமையடித்துக்கொண்டாள். பிள்ளைகள் பிறந்தபிறகு அவளும் கருமி என்ற சொல்லுக்கு மாறிவிட்டாள். நான் கோபப்பட்டதில்லை. உலோபி என்பவன் தனக்காகச் சேர்ப்பவன். நான் ஸ்டோரிலிருந்து ஒரு பிரஷ்கூட வீட்டுக்கு எடுத்துப்போனவன் இல்லை. அதனால் அந்த வார்த்தைகள் வேறு யாருக்கோ என்றே இருந்துவிட்டேன்.

விழுந்து இறந்தவன் என் மனைவியின் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். சாரத்தில் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டே பாடுவான். குருவி என்று கூப்பிடுவார்கள். அன்று காலை எட்டு மணிக்கு ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றான்.

"மாமா, பெல்ட் ஒண்ணு குடுங்க. வேன்ல வெச்சிருந்தேன், எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

"பழசு எங்கே?"

"அதான் காணோம்னு சொல்றேனே. காணாமப் போனதை எப்படிக் காட்டுறது?"

"நல்லா தேடிப் பாரு."

"இன்னைக்கு ஒன்பதாவது மாடி, மாமா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "உங்க சொத்தையா எழுதிக் குடுக்கச் சொல்றேன்?"

சாவி என் விரலில் இருந்தது. அலமாரி மூன்றடி தூரம். உள்ளே பன்னிரண்டு புது பெல்ட்டுகள், உறை பிரிக்காமல். சொந்தக்காரனுக்கு ஒரு சட்டம், ஊராருக்கு ஒரு சட்டமா என்று பிற்பாடு ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. ஒன்றை எடுத்தால் பதினொன்றாகிவிடும், அவ்வளவுதான். அவன் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று வெறும் இடுப்போடு மேலே ஏறினான். ஏறுவான் என்று எனக்குத் தெரியும்.

பத்தரைக்குச் சத்தம் கேட்டது. எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் அலமாரியிடம் ஓடினேன். பிறகு ஆளில்லாத சாரத்தில் ஏறி, ஒன்பதாவது மாடிப் பலகையில் ஒரு பெல்ட்டைப் போட்டுவிட்டு இறங்கினேன். நான் கொடுத்தேன், அவன்தான் மாட்டவில்லை என்று உங்களிடம் சொன்னேன். வீட்டிலும் அதையே சொன்னேன். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பியால உங்களுக்கு இப்படி ஒரு தலைகுனிவு, மன்னிச்சிடுங்க" என்று அழுதாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அந்தப் பெல்ட்டின் கொக்கியில் சிவப்புப் பெயிண்ட் இருப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கழித்துப்போட்டதற்கு நானே வைக்கும் அடையாளம் அது. அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்திருப்பேன் என்று நேற்று சமாளித்தேன். அதுவும் பொய்.

அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெல்ட்டை அவசரத்தில் எடுக்கவில்லை. அலமாரியைத் திறந்து புது பெல்ட்டைத்தான் கையில் எடுத்தேன். உறையைக் கிழிக்கப்போனேன். அப்புறம், அவன்தான் போய்விட்டானே, இனி அவனுக்கு எதற்குப் புதுசு என்று தோன்றியது. அதைத் திரும்ப வைத்துப் பூட்டிவிட்டு, கழித்துப்போட்டதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.