சுழல் பேராசிரியரின் கடைசித் திருத்தம்

துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கித் தந்த அலுவலக உதவியாளர் ஐயா அவர்களே, என் பெரியம்மாவின் நினைவாகக் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் அவரைச் சுழல் பேராசிரியர் என்பீர்கள். சுழலும் கருந்துளைகளைத் தவிர வேறெதையும் அவர் பேசிக் கேட்டவர் இங்கே உண்டா? எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில்கூட அவருடைய சமன்பாடுகள்தான்! "அழிச்சுடாதீங்க, பிரபஞ்சமே கெட்டுப்போயிடும்" என்பார். "உள்ள பால் கெட்டுப்போச்சுக்கா, முதல்ல அதைப் பாரு" என்பார் அம்மா.

கருந்துளை மூடிய பெட்டி மாதிரி. வெளியிலிருந்து எடையும் சுழற்சியும்தான் தெரியும். உள்ளே எத்தனை விதமாக அடுக்கியிருக்கலாம்? அதை எண்ணி, அதிலிருந்து அதன் சூட்டைக் கணிப்பதே பெரியம்மாவின் வேலை.

அவர் தவறே செய்யாதவர் என்று எனக்குமுன் மூவர் பேசினீர்கள். மன்னியுங்கள்! அவர் அறைக்கதவைப் பார்த்ததில்லையா? மற்றவர்கள் விருதுகளை ஒட்டும் இடத்தில் அவர் தன் தவறுகளை அல்லவா ஒட்டியிருந்தார்! புதிதாக ஒன்று அகப்பட்டால் துறைக்கே தேநீர்!

கடைசித் தவறு மருத்துவமனைக் கட்டிலில் அகப்பட்டது. இங்கே உட்கார்ந்திருக்கும் தாடி அண்ணனோடு சேர்ந்து அவர் எழுதிய பழைய கட்டுரை ஒன்றை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். "நிறுத்துடி!" என்றார். சுழல் உந்தம், அதாவது சுழற்சியின் மொத்த இருப்பு, மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கை, சுழலும் வேகம் மாறாத கருந்துளைக்குப் பொருத்தியிருந்தார்கள். வெப்பம் இழந்தால் அது ஆறும் என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் இன்னும் சூடேறும்! பெரியம்மா சிரித்த சிரிப்பில் செவிலியர் ஓடிவந்துவிட்டார். "எட்டு வருஷமா ஊர் ஊராப் போய்த் தப்பைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கேன்டி!"

அன்றே அவர் சொல்லச்சொல்ல ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். கையெழுத்திட்டார். உடன் எழுதிய தாடி அண்ணனின் கையெழுத்து மட்டும் மிச்சம். மறுவாரம் பெரியம்மா போய்விட்டார்.

நேற்று அண்ணனிடம் நீட்டினேன். "வேணாம்மா. போனவங்க செஞ்சது தப்புன்னு நானே கையெழுத்துப் போடணுமா? மனசு வரல" என்றார்.

அண்ணா, தவறான விடையையா அவர் நினைவாக விட்டுவைப்பது? அதை நம்பி இன்றும் எத்தனை பேர் கணக்குப் போடுகிறார்கள்! தன் தவறைக் கண்டு அவரே அப்படிச் சிரித்தபோது, அதை நாம் பயந்து மறைக்கலாமா?

அவையோரே, பெரியம்மா எண்ணத் தொடங்கியதை நாம் தொடர்ந்து எண்ணுவோம். தவறினால் சொல்லிவிட்டு, மறுபடி எண்ணுவோம். நான் கல்லூரிக்கு வரும்வரை கொஞ்சம் மிச்சம் வையுங்கள்!

முதல் வேலை இந்தக் கடிதம். அண்ணா, எழுந்திருக்க வேண்டாம். நானே உங்கள் இருக்கைக்கு வருகிறேன். பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.