கரமனைக் கிணற்று வழக்கில் நீலாம்பாள் சொன்னது

1953-ம் வருடம் மே மாதம் 21-ம் தேதி, திருவனந்தபுரத்தில், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்பாகச் சாட்சி தானாகவே ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம். சாட்சி தமிழில் சொன்னதை பெஞ்சு கிளார்க்கு வேதமாணிக்கம் தமிழிலேயே எழுதியது.

என் பெயர் நீலாம்பாள். வயது இருபத்தொன்பது. கணவர் பெயர் தாணுமாலயன், பாங்கியில் குமாஸ்தா. கரமனையில் ஆற்றை ஒட்டிய கிராமத்தெருவில் என் மாமனார் பஞ்சாபகேசன் அவர்களின் வீட்டில் குடியிருந்து வந்தேன். இப்போது சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் என் தம்பி வீட்டில் இருக்கிறேன். எட்டு வயதில் ராமசுப்பு என்ற மகனும், ஐந்து வயதில் விசாலம் என்ற மகளும் எனக்கு உண்டு. ஏழாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்திருக்கிறேன். இந்த வழக்கில் எங்கள் வீட்டுக் கிணற்றில் விஷம் கலந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ஹெல்த் விசிட்டர் நேசமணியை எனக்குத் தெரியும். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். வருஷா வருஷம் எங்கள் தெருவுக்கு அம்மை குத்த வருகிறவர். அவருக்கும் எனக்கும் உறவோ விரோதமோ கிடையாது.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான். நடுமதில் கிணற்றின் மேல் குறுக்கே போகிறது. அந்தப் பக்கம் ஒரு கப்பி, இந்தப் பக்கம் ஒரு கப்பி. தெருமுனையில் பைப்பு இருக்கிறது, ஆனால் பைப்புத் தண்ணீர் மடிக்கு ஆகாது என்று மாமனார் அதைக் குடிக்கவோ சமைக்கவோ விடுவதில்லை. அடுத்த வீட்டில் பகவதியம்மாள் என்ற விதவை தனியாக இருந்தார். சித்திரை மாதக் கடைசியில் அவர் தெற்கே ஒரு கோவில் உற்சவத்துக்குப் போய்த் திரும்பி வந்து, வாந்தியும் பேதியும் கண்டு, ஒரே நாளில் காலமானார். வந்த உறவுக்காரர்கள் அவருடைய புடவைகளையும் பாயையும் கிணற்றடியிலேயே அலசினார்கள். அந்தத் தண்ணீர் தளத்தின் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குள் இறங்கிப் போவதை நான் எங்கள் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாமனாரிடம் சொன்னேன். "போனவாளைப் பத்தி அப்படியெல்லாம் பேசப்டாது" என்றார்.

அப்போது என் மகனின் பூணூல் கல்யாணத்துக்கு நாள் குறித்து, பந்தல் போட்டு, திருநெல்வேலியிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அதன் பிறகு என் மகள் விசாலத்துக்கு வயிறு போகத் தொடங்கியது. முதலில் மாம்பழம் தின்றதால் என்று நானும் நினைத்தேன். மத்தியானத்துக்குள் போவது கஞ்சித் தெளிவு மாதிரி வெளுத்துவிட்டது. மாமனார் வைத்தியரை அழைத்து வந்தார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, அஜீரணம் என்று சொல்லி, லேகியம் கொடுத்துவிட்டு, பூணூலுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனார். குழந்தையின் கண் குழி விழுந்திருப்பதை அவரிடம் நான் காட்டினேன். வெயில் என்றார்.

அதன் பிறகு, பகவதியம்மாள் இறந்த செய்தி கேட்டு நேசமணி எங்கள் வாசலுக்கு வந்தார். மாமனார் அவரை வாசற்படிக்குக் கீழேயே நிறுத்தினார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரேழிக் கதவுக்குப் பின்னால் இருந்ததால் பேச்சு முழுவதும் கேட்டது.

"இந்தாத்துல யாருக்கும் சீக்கு கிடையாது. நீ போலாம்" என்றார் மாமனார்.

"ஐயா, கிணத்தில மருந்து போட்டா நல்லது. பொதுக் கிணறுகளுக்குப் போடுற பிளீச்சிங் பொடிதான், பைக்குள்ள இருக்கு. உங்களுக்கு ஒரு செலவும் இல்ல."

"பூணூலுக்கு மந்திரம் சொல்லிப் புண்ணியாகவாசனம் பண்ணப்போற கிணறு அது. நீ கிட்ட வந்தியோ, போலீசைக் கூப்பிடுவேன், கேட்டியா?"

நேசமணி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் என் கணவர் பாங்கியிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். ஆனால், "பூணூல் ஆகட்டும் நீலா. இப்போ காலரான்னு ஒரு வார்த்தை வெளியில போச்சுன்னா தெருவையே அடைச்சுடுவா. அப்பாவோட மானம் போயிடும்" என்றார். குழந்தை அதுவரை தாங்குமா என்று கேட்டேன். அப்பாவிடம் பேசுகிறேன் என்று எழுந்து போனவர், பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் கொல்லைக் கதவருகே நின்றேன். கொல்லைக்குப் பின்னால் ஆற்றங்கரைச் சந்து. நேசமணி அந்தச் சந்தில் உள்ள குடிசைகளுக்கு வருவார் என்று தெரியும். வந்தார். நான் கையைத் தட்டி அழைத்தேன். கதவைத் திறந்தது நான்தான். அவர் எங்கள் வளவுக்குள் அத்துமீறி நுழைந்ததாகப் புகாரில் சொல்லியிருப்பது சரியல்ல.

அவர் உள்ளே வந்து குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய தோல் மடிந்தபடியே நின்றது. காலரா என்றார். அப்படியானால் ஆபீசிலிருந்து ஆள் வந்து ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று நான் கோபமாகக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நான் ஆபீசில சொல்லாத்த ஆளு இல்லம்மா, கிணத்து மருந்துக்கு அனுமதியும் கேட்டேன். டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தாத்தான் காலரான்னு கணக்குல ஏறும். கணக்குல ஏறினாத்தான் டில்லிக்குத் தந்தி போவும், இங்க வண்டியும் ஆளும் இறங்கும். வீட்டுக்குள்ள டாக்டரை விடாம எப்படி எழுதுவாரு? இந்த வாரம் போன தந்தியில நம்ம ஊருக்குக் காலராவே இல்ல. இந்தப் பிள்ளையக் கண்ணால பாத்துட்டு, இல்லாத்த நோயின்னு நான் எங்க போய்ச் சொல்ல?"

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். போவதற்கு முன் கிணற்றுக்கு மருந்து போட்டுவிடுங்கள், வந்திருக்கிற ஜனம் முழுவதும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது என்று நான் சொன்னேன். அவர் பையைத் திறந்து பொடி டப்பாவை வெளியே எடுத்தார். ஆனால் கிணற்றை நெருங்கவில்லை. "நான் தொட்டா நாளைக்கு வேற பேச்சு வரும். நீங்க ஊத்துங்க, நான் சொல்லித் தாறேன்" என்றார். அவர் துளசிமாடத்துக்கு இந்தப் பக்கமே நின்றார். அவர் சொன்னபடி நான் வாளியில் தண்ணீர் இறைத்து, பொடியைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்தேன். மேல்தெளிவான மருந்தைக் கிணற்றில் நான் ஊற்றினேன். வாளியை மேலும் கீழும் விட்டுக் கலக்கினேன். மறுநாள் காலைவரை இறைக்கக் கூடாது, வாடை அடித்தால் பயப்படக் கூடாது என்று அவர் சொன்னார்.

அந்தச் சமயம் என் மாமியார் சரஸ்வதியம்மாள் கொல்லைப்பக்கம் வந்தார். என்னையும் வாளியையும் துளசிமாடத்தருகே நின்ற நேசமணியையும் பார்த்தார். "நான் ஒண்ணும் பார்க்கலை. கொழந்தையைச் சீக்கிரம் தூக்கிண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கொல்லைக்கு யாரும் வராதபடி எல்லாரையும் பந்திக்கு உட்கார வைத்தார்.

அதன் பிறகு நேசமணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாக நடக்க, நான் பின்னால் போனேன். வழியில் குழந்தைக்கு வயிறு போய் அவர் சேலை முழுக்க நனைந்துவிட்டது. அவர் நிற்கவில்லை. பெரிய ரோட்டில் ஒரு குதிரைவண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டர் பார்த்தவுடனே காலரா என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நேசமணி நனைந்த சேலையோடு அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தன் ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்தபோது, பரிசோதனை முடிவு வந்தபிறகுதான் தெருவுக்கு ஆள் அனுப்புவார்களாம் என்று சொல்லி, வார்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் பூணூல்.

இனிச் சொல்லப்போவதை நான் நேரில் பார்க்கவில்லை. என் கணவர் சொல்லித் தெரியும். சாயங்காலம் சமையல்காரர் பிச்சுமணி தண்ணீர் இறைத்தபோது மருந்து வாடை அடிக்க, சத்தம் போட்டிருக்கிறார். பின்சந்தில் நேசமணி போனதைப் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமனார் உடனே ஆட்களை விட்டுக் கிணற்றை அடிமட்டம்வரை இறைத்துக் கொட்டச் சொல்லியிருக்கிறார். கோடை ஆனதால் தண்ணீர் குறைவு. இறைத்துத் தீர்ந்த பிறகு புண்ணியாகவாசனம் செய்து, விடியற்காலையில் ஊறிய புதுத் தண்ணீரில் பானகமும் நீர்மோரும் கலந்திருக்கிறார்கள். அந்த இரண்டும் அடுப்பில் ஏற்றாதவை. பூணூல் நடந்தது. அம்மா உட்கார வேண்டிய இடத்தில் என் மாமியார் உட்கார்ந்து ராமசுப்புவுக்கு முதல் பிக்ஷை போட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொருவராக அதே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பிச்சுமணி வந்து சேரும்போதே பேச்சில்லை. உறவுக்காரர்கள் பலர் வந்தார்கள். என் மாமியாரை எனக்கு எதிர்க் கட்டிலில் போட்டார்கள். அவர் என்னிடம், "விசாலம் பொழைச்சுட்டாளா?" என்று கேட்டார். பிழைத்துவிட்டாள் என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். "தள்ளி நில்லு. அவளைக் கிட்ட கொண்டு வராதே" என்றார். மறுநாள் காலமானார். பிச்சுமணியும் காலமானார்.

அதற்குப் பிறகுதான் தெருவுக்கு வண்டி வந்தது, ஊசி வந்தது, மூட்டை மூட்டையாகப் பொடி வந்தது. ஊசி போட வந்தவர்களில் நேசமணியும் இருந்தார். தெரு ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு குடையைப் பிடுங்கி ஒடித்தார்கள் என்றும், என் மாமனார் கொடுத்த புகாரின்பேரில் போலீசார் அங்கிருந்தே அவரைக் கொண்டுபோனார்கள் என்றும் அறிந்தேன். கிணற்றில் மருந்து போட அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை என்று அவருடைய மேலதிகாரியே சாட்சி சொல்லப்போகிறாராம். அனுமதி கேட்டு நேசமணி தன் முன்னால் வந்து நின்றதையும் அந்த அதிகாரி சொல்வாரா என்று தெரியவில்லை.

நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், மருந்து ஊற்றியது நான் என்று சொன்னேன். அங்கே இருந்தவர், "அம்மா, வீட்டுக்குப் போ. பர்த்தாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். மறுபடியும் போனேன். அன்றைக்கு என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் மத்தியான ஊணுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தும் என்னை உள்ளே கூப்பிடவில்லை. அதனால்தான் இந்தக் கோர்ட்டுக்கு வந்தேன்.

அந்தப் பொடி விஷம் என்றால், அது கலந்த தண்ணீரை முழுவதும் இறைத்துக் கொட்டியாகிவிட்டதே, பிறகு வந்த புதுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எப்படி நோய் வந்தது என்று என் மாமனாரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் வேண்டுமென்று பொய் சொல்கிறார் என்றும் நான் சொல்லவில்லை. அவர் மனைவியை இழந்தவர். பொடி விஷம் இல்லை என்று ஆகிவிட்டால், கிணற்றை இறைக்கச் சொன்னது யார் என்ற கேள்வி வரும்.

மாமனார் என்னை வீட்டில் சேர்க்காததால் நான் இருந்துவரும் என் தம்பி வீட்டுக்கு நேற்று என் கணவர் வந்தார். உள்ளே வரவில்லை. "விசிட்டர் மிரட்டினா, பயந்து போய்ப் பண்ணேன்னு சொல்லிடு. அப்பா உன்னை ஆத்துல சேர்த்துக்கறேன்னு சொல்லிட்டார். ராமசுப்பு உன்னைக் கேட்டுண்டே இருக்கான்" என்றார். என் மகனை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். ஆற்றுப் படித்துறையில், மழித்த தலையோடு சந்தியாவந்தனம் பண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். கூட இருந்தவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். நேசமணி என்னை மிரட்டவில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

யாருடைய தூண்டுதலிலாவது சொல்கிறேனா என்று கனம் மாஜிஸ்திரேட் கேட்டார். இல்லை. இப்படிச் சொல்வதால் என் பேரிலேயே வழக்கு வரலாம் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் "கிணற்றில் மருந்து ஊற்றப்பட்டது" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, நான் சொன்னபடி "நான் ஊற்றினேன்" என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள். இப்போது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

(ஒப்பம்) தா. நீலாம்பாள்