தோளில் மிஞ்சிய கை

பேச்சு நீண்டால் அடித்துவிடுவேன் என்று மணியைக் கையில் பிடித்தபடியே வீற்றிருக்கும் அவைத்தலைவர் அம்மையார் அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து பிடித்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சட்டை அளவு தப்பியதற்குச் சண்டை போட வந்து, என் படங்களைப் பார்க்க நின்றுவிட்ட வாடிக்கையாளர்களே! வணக்கம், வணக்கம், வாய் நிறைந்த வணக்கம்!

கத்தரி பிடித்துக் காய்த்துப்போன தையற்காரியின் கை இது. துணியை வெட்டினால் வெட்டியதுதான்! அழுதாலும் ஒட்டாது, தொழுதாலும் ஒட்டாது. அந்தக் கையை நம்பி, கடைக்குப் பெயர்ப்பலகை செய்யச் சொல்லி, கணினியில் படம் திருத்தும் மென்பொருளை ஏற்றித் தந்தாள் என் மகள். வெட்டினேன், ஒட்டியது! அழித்தேன், திரும்பி வந்தது! செய்ததைச் செய்யாததாக்க ஒரு பொத்தான்! பிழைக்கு அஞ்சாத கை எப்படித் துள்ளும் தெரியுமா? வானத்தைப் பச்சையாக்கினேன். பூனையை ஊதாவாக்கினேன். என் வீட்டுக்காரர் தலையில் முடி வளர்த்தேன்! மெல்லச் சிரியுங்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார்.

பெயர்ப்பலகையா? அதை யார் செய்தது! அதற்குள் என் வீட்டுக்காரர் ஓர் ஆணையிட்டார்.

“கூடத்துல மாட்ட நம்ம குடும்பப் படத்தைப் பெருசாக்கு. ஆனா அவனை மட்டும் தூக்கிடு.”

அந்த ‘அவன்’ யார்? உடன்பிறந்த தம்பி, என் கொழுந்தன்! பகைக்குக் காரணம் நிலமா? இல்லை. நகையா? இல்லை. ஓர் ஏணி! இரவல் போன ஏணி படி உடைந்து திரும்பியது. “நீதான் உடைச்சே” என்றார் அண்ணன். “உடைஞ்சதைத்தான் தந்தே” என்றார் தம்பி. அடுத்த தெருதான், ஆனால் ஏணி வைத்தாலும் எட்டாத தூரமாகிவிட்டது.

எனக்கு மனசே இல்லை. ஆனால் வெட்டுகிற ஆசையும் விடவில்லையே! காது மடல், கழுத்து வளைவு, ஒரு நூல் பிசகாமல் ஆளை எடுத்தேன். அந்த இடத்தில் சுவரை நிரப்பினேன். நிமிர்ந்து பார்க்கிறேன், ஐயையோ! அண்ணன் தோளில் ஐந்து விரல்! தம்பியை எடுத்தவள், அண்ணன் தோளில் அவர் போட்டிருந்த கையை மறந்துவிட்டேன்!

மறைக்கக் கிளியை வைத்தேன்; போதவில்லை. பூனையை வைத்தேன், விரல் எட்டிப் பார்த்தது. யானையை வைத்தேன், யானைக்குக் கண்ணாடி மாட்டினேன். பால் பொங்கி வழிந்ததும் தெரியவில்லை, இவர் வந்து பின்னால் நின்றதும் தெரியவில்லை.

“என்னடி இது, என் தோள்ல யானை?” என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

“கையை மறைக்கத்தாங்க.”

“எந்தக் கை?”

அவையோரே, அந்த மென்பொருளில் படங்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண். மூடினால் மறையும், திறந்தால் தெரியும். யானையின் கண்ணை மூடினேன். கை தெரிந்தது. அவர் சிரிப்பு நின்றது.

“இந்தப் படம் எடுத்த அன்னைக்கு என்னைச் சிரிக்க வச்சதே அவன்தான்” என்றார். பிறகு, “அவனை அழிச்சிட்டியா?” என்று கேட்டார்.

“அழிக்கலைங்க. மறைச்சுதான் வச்சிருக்கேன்.”

“திற.”

திறந்தேன். முப்பத்திரண்டு பல்லும் தெரியத் தம்பி வந்து நின்றார்! இவர் அந்த உடைந்த ஏணியை இழுத்துக்கொண்டே தெருவில் இறங்கினார். தம்பி வீட்டு வாசலில் போய் நின்று, “அந்தப் பக்கம் பிடிடா, ஒத்தையில தூக்க முடியல” என்றார். பிடித்தார்! அவரும் அதற்குத்தானே காத்திருந்தார்!

தாய்மார்களே, கை தவறுமே என்று கை கட்டி நிற்கலாமா? தவறட்டும்! என் கை தவறியதால்தானே அந்தக் கை மிஞ்சியது? மிஞ்சியதால்தானே யானை வந்தது? இந்தச் சுவர் நிறையப் படம் வந்தது? வெட்டுங்கள், ஒட்டுங்கள், வானத்துக்கு வேண்டிய வண்ணம் கொடுங்கள்!

இதோ, மணி அடித்துவிட்டார்கள். கேட்ட காதுகளுக்கும் தட்டிய கைகளுக்கும் நன்றி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து புதுப் படி போட்ட அந்த ஏணியில், இந்தப் படங்களை மாட்ட ஏறிய கொழுந்தனாருக்கும், கீழே பிடித்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும் நன்றி. புகைப்படக்காரர் வருகிறார். தம்பி, அண்ணன் தோள்ல போட்ட கையை எடுத்துடாதீங்க! அனைவருக்கும் வணக்கம்.