நெயில் பாலிஷ் கோடு

ஐயா, இதை யாரிடமும் காட்ட வேண்டாம், முக்கியமாக என் மாமாவிடம். அம்மா வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பி வரும்வரை எனக்கு இருக்க வேறு வீடில்லை.

மாமா சொன்ன வாக்குமூலத்தை நீங்கள் எழுதியபோது திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதே மாதிரி எழுதுகிறேன். வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு, இருப்பு எம்ப்ராய்டரி கடைக்கு மேலே மாமா வீடு. கடைசிவரை எழுத முடியுமோ என்னவோ, கையெழுத்தை இங்கேயே போட்டுவிடுகிறேன். கீழே உள்ளது நான் கண்ணால் கண்டது மட்டுமே.

(கையொப்பம்)

தீப்பிடித்ததற்கு முந்தின நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது மெக்கானிக் அண்ணன் மெஷினைத் திறந்து வைத்திருந்தார். தைக்கும் பூ ஓரமாக நகர்ந்துபோகிறது என்று மாமா அவரைக் கூப்பிட்டிருந்தார். அவர் துணி மாட்டும் சட்டத்தை நகர்த்தும் மோட்டாரைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார். அதன் பிறகு அதன் சக்கரத்தில் சுற்றியிருந்த நூலை எடுத்துவிட்டு, போர்டில் கரண்ட்டுக்கான சின்னத் திருகைக் கொஞ்சம் குறைத்தார். ஓடாத மோட்டார் ஏன் சுடுகிறது என்று கேட்டேன்.

"அசையாம ஒரே இடத்துல நிக்கறதும் வேலைதான் பாப்பா. ஸ்கூல்ல முட்டி போட்டதில்லையா?"

அதன் பிறகு என் நெயில் பாலிஷை வாங்கி, திருகிலிருந்து போர்டு வரை ஒரு கோடு இழுத்தார். யாராவது திருகைத் தொட்டால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

அவர் போன பிறகு பூ மறுபடி நகர்ந்தது. மாமா, "பயந்தாங்கொள்ளி, மோட்டாரைப் பட்டினி போட்டுட்டுப் போயிருக்கான்" என்று சொல்லி, திருகை முழுக்க ஏற்றினார். அணைத்தால் பாதிப் பூ இடம் தவறிவிடும் என்பதால், மெஷினை அணைக்காமல் நிறுத்திவைத்துவிட்டு மாடிக்கு வந்தார். இரவெல்லாம் மோட்டார் அசையாமல் நின்றது. விடியற்காலையில் அதன்மேல் சரிந்திருந்த துணி பற்றிக்கொண்டது. சீக்கிரமே வேலைக்கு வந்து தீயை அணைக்கப் போன தையல்கார அக்காவுக்கு இரண்டு கையும் வெந்துபோனது.

திருகை ஏற்றியது மெக்கானிக்தான் என்று மாமா சொன்னார். கோட்டைப் பாருங்கள் என்று அண்ணன் சொன்னார். நாளைக்கு மெஷின் தெரிந்த ஆள் வந்து பார்க்கட்டும் என்று சொல்லி நீங்கள் அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனீர்கள். நான் திரைக்குப் பின்னால் அசையாமல் நின்றேன்.

அதன் பிறகு கீழே போய், ஓரம் மட்டும் கருகியிருந்த அந்தப் போர்டைக் கழற்றி என் ஜியாமெட்ரி பெட்டியில் வைத்தேன். திருகில் இருக்கும் கோடு ஒரு பக்கம் பார்க்கிறது, போர்டில் இருக்கும் கோடு வேறு பக்கம். மாமா இன்னும் கீழே போகவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். மாமாதான். "பாப்பா, தூங்கிட்டியா? உன் நெயில் பாலிஷைக் கொஞ்சம் குடும்மா" என்கிறார்.

பாட்டிலைக் கொடுத்துவிடுவேன். பெட்டியை