இரண்டாவது ஊசி

தண்டுவடம் அறுந்த எலியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. காலையிலும் மாலையிலும் யாராவது அதன் அடிவயிற்றை விரலால் மெதுவாக அழுத்திவிட வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். என் ஆய்வகத்தில் அந்த வேலையை நான் உதவியாளர்களிடம் விடுவதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வெளியே நிற்கும் உங்கள் காவலர்கள் என்னை முன்கோபி என்று பேசிக்கொள்கிறார்கள். முன்கோபியால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

என் அண்ணனுக்கு அது எப்போதும் வேடிக்கை. "எங்க வீட்டு விஞ்ஞானி. எலிக்கு மூத்திரம் புடிச்சுவிடுறவர்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவான். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன்.

அவன் கட்டட ஒப்பந்தக்காரன். சாரத்திலிருந்து விழுந்து நெஞ்சுக்கு நேரே தண்டுவடம் நசுங்கியது. இடுப்புக்குக் கீழே அசைவோ உணர்வோ இல்லை. போன மருத்துவமனைகள் எல்லாம் கையை விரித்தன. கடைசியில் அண்ணி என் ஆய்வக வாசலில் வந்து நின்றார். "எலிக்கெல்லாம் நரம்பு வளர்க்கிறீங்களே, உங்க அண்ணனுக்கு வளர்க்க மாட்டீங்களா?"

அறுந்த நரம்பிழையைத் தழும்பைத் தாண்டி வளர வைக்கும் மருந்து என்னிடம் இருந்தது. மனிதர்களுக்குப் போட அனுமதி கிடையாது. போட்டேன். அந்தக் குற்றத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. "செத்த காலுக்கு எதைப் போட்டா என்னடா" என்று சொல்லித்தான் அவன் முதுகைக் காட்டினான்.

மழைக்காலம் முடிவதற்குள் கட்டைவிரல் அசைந்தது. அடுத்த மழைக்கு முன் கைத்தடியோடு நடந்தான்.

நடந்த கதையை ஊரெல்லாம் சொன்னான். அதில் நான் இல்லை. ஊசி ரகசியம், வெளியே சொல்ல முடியாது, அது எனக்கும் புரியும். ஆனால் வீட்டுக்குள்ளும் அதே கதைதான். உடற்பயிற்சி கொடுத்த பெண்ணுக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், அண்ணி முன்னால், மருந்தைப் பற்றிக் கேட்டேன்.

"மருந்தா? போடா. என் நரம்பு முழுசா அறுந்துபோகல, நசுங்கித்தான் இருந்துச்சு. அது பாட்டுக்குத் தேறிடுச்சு. மீதி என் வைராக்கியம்."

"தம்பி மனசு நோகப் போகுதுங்க" என்றார் அண்ணி.

"நோகட்டுமே. எந்த எலியாவது வந்து இவனுக்கு நன்றி சொல்லியிருக்கா?"

நசுங்கிய தண்டுவடத்தில் சில இழைகள் தப்பிப் பிழைத்திருக்கும். அவை தாமாகத் தேறுவதும் உண்டு. ஆய்விதழ்களிலிருந்து என் கட்டுரைகளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் எழுதும் ஆட்சேபணை அதுதான். அதையே அவன் வாய் நிறையச் சாப்பாட்டோடு சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டான். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த ஆட்சேபணைக்கு எங்கள் துறையில் ஒரு பதில் இருக்கிறது. நடக்க ஆரம்பித்த எலியை அதே இடத்தில் மறுபடி அறுப்போம். எலி விழுந்தால், அதை நடக்க வைத்தது நாங்கள் வளர்த்த இழைதான் என்று ஆகிவிடும். அது விழும்போது ஆய்வகத்தில் எல்லோர் முகமும் மலரும்.

"இன்னொரு ஊசி போட்டா கைத்தடியும் வேணாம்ணே" என்றேன். உடனே கிளம்பி ஆய்வகத்துக்கு வந்தான். மருந்தை நம்பாதவன் ஏன் வந்தான் என்று நீங்கள் அவனைத்தான் கேட்க வேண்டும். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தான். "பாத்துக் குத்துடா, நான் எலி இல்ல" என்றான். ஊசியில் இருந்தது நரம்பைச் சாகடிக்கும் திரவம். அதை மெதுவாக ஏற்றினேன்.

நீங்கள் வரவழைத்த நிபுணர் சொன்னது சரிதான். தண்டுவடம் முழுதாக அறுந்த எலியிடம்தான் அந்தச் சோதனை செல்லும். நசுங்கிய இடத்தில் அந்தத் திரவம் பழைய இழை, புது இழை என்று பார்க்காது, எல்லாவற்றையும் கொன்றுவிடும். அதனால் எதுவும் நிரூபணமாகாது. இதே தவறைச் செய்த ஒரு மாணவியின் முழு வருட உழைப்பையும் குப்பையில் போடச் சொன்னவன் நான். எனக்குத் தெரியாதா?

தெரிந்ததால்தான் அவனிடமே கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் எழப் பார்த்தான். தொடையைத் தட்டினான். நகம் பதியக் கிள்ளினான். "டேய், கால் எங்கடா?"

"இப்ப சொல்லுண்ணே. யாரால நடந்தே?"

கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவன் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "உன்னாலதான்டா. உன்னாலதான். என்னத் தூக்கிவிடுடா."

எங்கள் துறையில் ஒரே ஒரு முறை கிடைத்த முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள். மூன்று முறை சொல்ல வைத்தேன். மூன்று முறையும் ஒரே விடைதான் வந்தது.