மூணு தட்டு பிஸ்கட்

— அப்பா, அது பிஸ்கட்டுப்பா. இஞ்ச் டேப்பைக் கீழ வைங்க.

— அளக்காம வெட்டினா அது சட்டை இல்ல பாப்பா, ஒட்டுத்துணி. நாப்பது வருஷம் டெய்லர் கடை வச்சிருந்தவன் கண்ணை மூடிட்டு வெட்டுவானா?

— வட்டமா வெட்டியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். வருஷா வருஷம் அம்மா வட்டமாத்தானே போடுவாங்க?

— உங்கம்மாவுக்கு வட்டம் வந்துச்சு, போட்டா. எனக்குச் சட்டைதான் வரும்.

— மாவு இளகுது. அதை இன்னொரு தடவ ஃபிரிட்ஜுல...

— நீ பேசக் கூடாது! ஒப்பந்தம் என்ன? சொல்லு பாப்போம்.

— தெரியும்ப்பா.

— தெரியும்னா சொல்லு. சாயங்காலம் உங்க அண்ணன் குடும்பத்தோட வந்து நின்னுட்டு, நான் மாத்திப் பேசறேன்னு சொல்வான்.

— மூணு தட்டு பிஸ்கட். வெட்டுறது, சுடுறது, அலங்காரம் எல்லாம் நீங்களே. நான் தொடக் கூடாது, ஞாபகப்படுத்தக் கூடாது. மூணும் நல்லா வந்தா நீங்க இந்த வீட்டுலயே தனியா இருக்கலாம். நானோ அண்ணனோ அப்புறம் வாயைத் திறக்க மாட்டோம்.

— கருகினா?

— ஒரே ஒரு தட்டு கருகினாலும், லீவு முடிஞ்சதும் என்கூட வந்துடணும்.

— ம். என்கூட... அதாவது உன் வீட்டுக்கு.

— ஆமா. என் வீட்டுக்குத்தான். அங்க என்ன, முள்ளா கிடக்கு?

— மகள் வீட்டுல போய்ச் சாப்பாட்டுக்கு உக்கார்ற ஆளா நான்? உங்கம்மா போனன்னைக்கே சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேன், இந்த வாசப்படியை விட்டு இறங்க மாட்டேன்னு. சொன்னது சொன்னதுதான்.

— சொன்னீங்க. ரெண்டு வருஷமா வாரத்துக்கு ஒரு தடவ சொல்றீங்க.

— அப்புறம் என்ன?

— ஒண்ணுமில்ல... இந்தச் சட்டை யாருது? என்ன இது, கூடாரம் மாதிரி இருக்கு?

— உன் புருஷனுது. இடுப்புல கொஞ்சம் தாராளமா விட்டிருக்கேன்.

— அப்பா!

— என்ன அப்பா? கல்யாணக் கோட்டுக்கு அளவெடுத்தவன் நான். அப்பவே பின்னால பார்த்துக்கலாம்னு ரெண்டு இஞ்சு உள்ள மடிச்சுத் தைச்சேன். போன வருஷம் அதையும் பிரிச்சாச்சு.

— அய்யோ, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது... சரி, இதுக்கு மட்டும் ஏன் கை இவ்வளவு நீளம்?

— அது உன் மகளுக்கு. வளர்ற பொண்ணு.

— பிஸ்கட்டுப்பா அது! அரை நிமிஷத்துல தின்னுடுவா. அடுத்த வருஷமும் போட்டுக்கவா போறா?

— அட... ஆமால்ல? கை தானா விட்டுடுச்சு. போகட்டும், ரெண்டு வாய் கூடச் சாப்பிடட்டும். நகரு, தட்டை உள்ள வைக்கிறேன்.

— சூடு எவ்வளவு வச்சீங்க?

— கேக்கக் கூடாது.

— சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

— உங்கம்மா நோட்டுல எழுதியிருக்கா. எனக்குப் படிக்கத் தெரியும். பன்னெண்டு நிமிஷம். நான் ஹால்ல போய்ப் பேப்பர் பாக்கறேன்.

— இங்கயே ஸ்டூல் போட்டு உக்காருங்களேன்.

— ஓவனை வேடிக்கை பாக்கவா? எனக்கென்ன வேற வேலை இல்லையா?

— ஏன்ப்பா காலைத் தாங்கித் தாங்கி நடக்கறீங்க?

— செருப்பு புதுசு.

— அது நான் போன வருஷம் வாங்கிக் குடுத்தது.

— அப்ப பழசாயிடுச்சு, அதான். நீ உன் வேலையைப் பாரு. உனக்குத்தான் வேலையே இல்லையே, சும்மா இரு.

— ...

— ...

— க்கும்... க்கும்...

— என்ன பாப்பா, இருமல்?

— தொண்டை கரகரங்குது.

— வெந்நீர் குடி.

— அந்தக் கடிகாரம் சரியா ஓடுதாப்பா? மணி என்னமோ நிறைய ஆன மாதிரி காட்டுது.

— ஞாபகப்படுத்தறியா?

— கடிகாரத்தைப் பத்திக் கேட்டேன். கடிகாரத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இல்ல.

— வந்துட்டேன், வந்துட்டேன். போட்டு உயிரை வாங்காத... எங்க, துணியக் குடு. இல்ல, நீ தொடாத. நானே எடுத்துக்கறேன்.

— பாத்து, பாத்து... அட! அப்பா, ஓரத்துல மட்டும் என்ன அழகா செவந்திருக்கு பாருங்க!

— கருகலையா?

— எங்க கருகியிருக்கு?

— அடியில பாத்தியா? அடியில கருகியிருக்கும்.

— நீங்களே திருப்பிப் பாருங்க.

— ம்... ஆமா. நல்லாத்தான் இருக்கு. பழைய ஓவன். சரியா சூடு ஏறல போல.

— ஜெயிச்சாலும் ஓவனைத் திட்டணுமா? ஒண்ணாவது தட்டு பாஸ். ரெண்டாவதை வைங்க. அது வேகறதுக்குள்ள இதுங்களுக்கு ஐசிங் போடலாம்.

— வைக்கிறேன். நீ போய் அந்தச் சர்க்கரைக் குழம்பைப் பாரு, கட்டியாயிடப் போகுது.

— கோன்ல ஊத்தியே வச்சிருக்கீங்க. முனைய இவ்வளவு பொடிசா வெட்டியிருக்கீங்களே, வருமா?

— இதைவிட பெருசா வெட்டினா தையல் தையலாவா இருக்கும்? கயிறு மாதிரி இருக்கும். இப்ப பாரு. முதல்ல காலர்... அப்புறம் பாக்கெட்... பாக்கெட்டைச் சுத்தி இழைத்தையல். இப்ப பட்டன் நுழையக் காஜா.

— பிஸ்கட்டுக்குக் காஜா எடுக்கற ஒரே ஆள் நீங்கதான்.

— காஜா இல்லாம பட்டன் வச்சா, அது சட்டைன்னு யார் ஒத்துப்பா?

— கை கொஞ்சம்கூட நடுங்கலப்பா.

— ஏன் நடுங்கணும்?

— பெருமையாத்தான் சொல்றேன். குழந்தைங்க பாத்தா சாப்பிடவே மாட்டாங்க, எடுத்து வச்சுக்கணும்னுதான் அழுவாங்க... அப்பா.

— ம்.

— நான் உங்களை விரட்டுறேன்னு நினைக்காதீங்க. நீங்க போன் எடுக்கலேன்னா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போன மாசம் ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் எடுக்கல. பைத்தியம் பிடிக்காத குறை.

— அதான் சொன்னேனே, சார்ஜ் தீந்துடுச்சுன்னு.

— சொன்னீங்க.

— இந்தப் பாக்கெட்டைப் பாரு, எவ்வளவு நேரா வந்திருக்கு... ஒரு தடவ ஒருத்தர் வந்தார் கடைக்கு. ஒரே துணி, மூணு சட்டை வேணும்னார். நான் விரிச்சுப் பாக்கறேன், ரெண்டுக்கே காணாது...

— அப்பா, இந்தக் கதை ரொம்ப நீளமாச்சே.

— நீளம்தான். அதனாலதான் இப்ப சொல்றேன். அவர் என்ன பண்ணார்னா...

— அய்யய்யோ!

— என்ன, என்ன விழுந்துச்சு?

— தட்டுமூடி. கை தவறிடுச்சு... ஓவன் பக்கத்துல.

— நல்லா வந்துச்சு உன் கை தவறல். சரி, எடுக்கறேன்... என்ன இது? இதுவும் நல்லா இருக்கு?

— ரெண்டாவது தட்டும் பாஸ்!

— எப்படி?

— கைராசிப்பா, உங்க கைராசி. ஏன் முகம் இப்படிப் போகுது? இன்னும் ஒண்ணுதான்.

— ஒண்ணுதான்... வச்சாச்சு. பால் தீந்துடுச்சு பாப்பா, நான் தெருமுனைக் கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்.

— இப்பவா? இப்பவே போகணுமா?

— ஏன், போகக் கூடாதுன்னு ஒப்பந்தமா?

— இல்ல... போய்ட்டு வாங்க. மெதுவா வாங்க. அவசரமே இல்ல.

— ...

— ...

— வந்துட்டேன். கடைக்காரர் விடவே இல்ல, பேசிட்டே இருந்துட்டார். மணி ஒண்ணாயிடுச்சா? அடடா, போச்சு! மறந்தே போச்சே! முக்கால் மணி நேரம் ஆச்சு. கரிக்கட்டையா ஆயிருக்கும்.

— திறந்துதான் பாருங்களேன்.

— பாக்க என்ன இருக்கு? தோத்தாச்சு. ஆம்பளைன்னா தோத்ததை ஒத்துக்கணும். நான்...

— திறங்கப்பா.

— இரு, திறக்கறேன்... என்ன இது?

— பாத்தீங்களா! மூணும் பாஸ். ஜெயிச்சுட்டீங்க! இனிமே யாரும் உங்களை அசைக்க முடியாது... அப்பா? என்னப்பா, உக்காந்துட்டீங்க? சிரிங்களேன்.

— முக்கால் மணி நேரம் பாப்பா. எப்படிக் கருகாம இருக்கும்? நீ ஏன் என்னைப் பாக்க மாட்டேங்கற?

— கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— ஒவ்வொரு தடவையும் நீங்க சூட்டை உச்சத்துல வச்சுட்டுப் போனீங்க. உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல, அதைச் சொன்னா மனசு உடைஞ்சுடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நான் குறைச்சு வச்சேன். மூணாவது தட்டை அப்பவே வெளிய எடுத்துட்டேன். கேட் சத்தம் கேட்டதும் திரும்ப உள்ள தள்ளினேன்.

— ஏன் அப்படிப் பண்ணினே? நீதானே வா வான்னு கூப்பிட்டுட்டே இருக்கே?

— கூப்பிட்டேன். நீங்க வந்தா எனக்கு வேற என்ன வேணும்? ஆனா தோத்துப்போய், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நீங்க என் வீட்டுக்குள்ள வர்றதை நினைச்சா என்னால தாங்க முடியலப்பா. அண்ணன்கிட்ட நான் பொய் சொல்லிக்கறேன். நீங்க இங்கயே ராஜா மாதிரி இருங்க.

— அடிப் பாவி... காலையிலேர்ந்து நான் படாத பாடு பட்டு ஒரு தட்டைக் கருக்கப் பாக்கறேன், நீ பின்னாலயே வந்து குறைச்சு வைக்கிறியா?

— அப்பா...?

— கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. வேணும்னேதான் வச்சேன். போன மாசம் நீ போன் பண்ணிட்டே இருந்தியே, அன்னைக்குக் காலையில குளியலறையில வழுக்கி விழுந்தேன். மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க முடியல. போன் அடிக்கிறது கேக்குது, அது நீதான்னும் தெரியுது, எட்டி எடுக்க முடியல. பயந்துட்டேன் பாப்பா. பெட்டியெல்லாம் கட்டி மூணு நாளாச்சு. ஆனா ஊரைக் கூட்டிச் சபதம் போட்டவன், எந்த வாயை வச்சுக்கிட்டு வர்றேன்னு சொல்லுவேன்? அழாத... எழுந்திரு. அந்தத் தட்டைத் திரும்ப உள்ள வச்சு, சூட்டை ஏத்தி விடு. உங்க அண்ணன் வர்றதுக்குள்ள நல்லாக் கருகட்டும்.