எக்ஸை எடுத்தா சுருங்கும்

– புக்கை மூடு கௌசிக்.

– மூடிட்டு எப்படிப் போடறது அன்பு? பார்த்தா எல்லாம் புரியுது. மூடினா மண்டைல ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது.

– அதான் மூடச் சொல்றேன். யூடியூப்ல எவனோ போடற கணக்கைப் பார்த்துட்டு, தனக்கே வந்துட்ட மாதிரி போய் உக்காந்துதானே ரெண்டு தடவை அரியர் வாங்கினே?

– அட சாமி, மெதுவாப் பேசு, கேன்டீனே திரும்பிப் பாக்குது. இந்தத் தடவையும் எம்-ஒன் கணக்குப் பேப்பர் போச்சுன்னா எங்கப்பா போர் போடற ரிக் வண்டில வேலைக்கு ஏத்தி உட்டுருவாரு. திருச்செங்கோட்டுல ஏறினா சத்தீஸ்கர்லதான் எறங்கோணும். "போர் போட எதுக்குடா இன்டெக்ரேசன்"னு போன் பண்றப்பல்லாம் கேக்கறாரு.

– போறதுக்கு உனக்கு ஆசையா?

– ஆசையா இருந்தா ஆறிப்போன டீயை வெச்சுக்கிட்டு உன்ற முன்னால எதுக்கு உக்காந்திருக்கறேன்? அந்த ரிக்கையே நான் டிசைன் பண்ணோணும் புள்ள. அதுக்கு மொதல்ல டிகிரி வேணுமல்ல?

– அப்ப பேனாவை எடு. எக்ஸ் இன்டூ ஈ பவர் எக்ஸ். இன்டெக்ரேட் பண்ணு.

– ரெண்டு இருக்குதே, எதை டிஃபரன்சியேட் பண்றது, எதை இன்டெக்ரேட் பண்றது? எதை மொதல்ல எடுக்கோணும்னு சார் 'ஐலேட்'னு ஒரு வரிசை சொன்னாரு...

– வரிசையை விடு. உனக்குத் தோணறதைச் செய்.

– ஈ பவர் எக்ஸை டிஃபரன்சியேட் பண்றேன், எக்ஸை இன்டெக்ரேட் பண்றேன். சரியா?

– சொல்ல மாட்டேன். மேல போ.

– உன்னையப் போயி கணக்கு சொல்லித் தர்ற கிளப்புல சேத்தாங்க பாரு! சரி... எக்ஸ் ஸ்கொயர் பை டூ வந்துருச்சு. மறுக்கா போட்டா எக்ஸ் க்யூப். அட, என்னது இது, போகப் போகப் பெருசாவுது?

– ஏன் பெருசாவுது?

– எனக்கென்ன தெரியும், நீ சொல்லு.

– நீதான் சொல்லணும். வேணும்னா இன்னொரு டீ வாங்கித் தர்றேன்.

– பஜ்ஜியும் சேத்து வாங்கு. இரு இரு, போகாத. எக்ஸை இன்டெக்ரேட் பண்றதாலதான் ஏறுது. அதையே டிஃபரன்சியேட் பண்ணினா? வெறும் ஒண்ணு! ஈ பவர் எக்ஸை எத்தனை தடவை இன்டெக்ரேட் பண்ணினாலும் அது பாட்டுக்கு அப்படியே நிக்கும். அப்ப சுருங்கறதை டிஃபரன்சியேட் பண்ணோணும், வம்பு பண்ணாததை இன்டெக்ரேட் பண்ணோணும். அதுக்குத்தானா அந்த ஐலேட்டு!

– இன்னொரு தடவை சொல்லு. மெதுவா.

– ஏன், தப்பா?

– சொல்லேன்டா.

– எது சின்னதாயிக்கிட்டே போயி காணாமப் போகுமோ அதை டிஃபரன்சியேட் பண்ணோணும். அவ்வளவுதான். பாரு, எக்ஸ் ஈ பவர் எக்ஸ் மைனஸ் ஈ பவர் எக்ஸ், பிளஸ் சி. வந்துருச்சு அன்பு!

– எக்ஸ் ஸ்கொயர் இருந்தா?

– ரெண்டு தடவை சுருக்கோணும். க்யூபா இருந்தா மூணு. புக்கைத் தொடவே இல்ல, பாத்துக்க!

– தெனம் இப்படிக் கொஞ்ச நேரம் உக்காரு, போதும். பரிச்சைக்கு மொத நாள் மொத்தமா அள்ளிக் கொட்டிக்காத. தப்பாப் போட்டதையும் அடிச்சு மறைக்காத, எங்க தடம் மாறுச்சுன்னு பக்கத்துலயே எழுதி வை.

– சரிங்க மேடம். ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. எம்-ஒன்ல தொண்ணூத்திரெண்டு எடுத்த புள்ள நீ. "கௌசிக்குக்கு நான்தான் சொல்லித் தருவேன்"னு நீயே போயி கேட்டு வாங்கினியாமா. இந்த அரியர் கேஸு உனக்கு எதுக்கு?

– கிளாஸ்ல நீ ஒருத்தன்தான் "அது ஏன் சார்"னு கேப்பே. எல்லாரும் சிரிப்பாங்க.

– நீயுந்தான் சிரிப்பே. நான் பாத்திருக்கறேன்.

– ஆமா, சிரிப்பேன். பதில் தெரிஞ்ச மாதிரி.

– அப்படின்னா?

– ஐலேட் எனக்கு மனப்பாடம் கௌசிக். அந்தத் தொண்ணூத்திரெண்டும் மனப்பாடம்தான். இந்த செமஸ்டர் கணக்குல அது எடுபடல, ரெண்டு இன்டர்னல் டெஸ்ட்லயும் பெயில். வாழப்பாடில எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. எக்ஸை ஏன் சுருக்கணும்னு நீ சொல்லித்தான் இன்னிக்கு எனக்கே தெரிஞ்சுது. நாளைக்கும் வந்து சொல்லித் தருவியா?